மலையகத்து நோயின் வேர் எங்கே?

நோய் குலம் பார்ப்பதில்லை, செல்வம் பார்ப்பதில்லை என்று நாம் அடிக்கடி கூறுகிறோம். மாளிகையிலும் அது புகும், குடிசையிலும் புகும் என்பது மெய்யே. ஆயினும் எந்த வீட்டில் அது முதலில் நுழைகிறது, எந்த வீட்டில் நெடுநாள் தங்குகிறது, எந்த வீட்டுப் பிள்ளையைக் கொண்டுபோகிறது என்று வினவினால் விடை வேறாகிறது. பிழைப்புத் தேடி அயல்நாடு சென்ற எளியோரின் வரலாற்றில் இவ்வுண்மை தெளிவாகப் புலப்படும். அத்தகைய வரலாறுகளுள் நமக்கு மிக நெருங்கியது, இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழ் மக்களுடையது.

காட்டு வழி

19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேயர் கண்டிச் சீமையின் காடுகளை அழித்துக் காப்பி பயிரிட்டனர். திருச்சி, மதுரை, சேலம், தஞ்சைப் பகுதிகளில் பஞ்சத்தாலும் கடனாலும் வாடிய மக்கள், கங்காணிமாரின் சொல்லை நம்பிப் புறப்பட்டனர். அவர்களுள் மிகப் பலர் தாழ்த்தப்பட்ட குலத்தவர். தோணியில் கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை அவர்கள் கால்நடையாகவே சென்றனர். நல்ல குடிநீர் இல்லை, ஒதுங்க இடமில்லை. வாந்திபேதியும் காய்ச்சலும் வழி நெடுகிலும் உயிர்களைக் குடித்தன. நடக்க இயலாதவரை விட்டுவிட்டுக் கூட்டம் மேலே நகர்ந்தது.

1869-இல் தோன்றிய இலைநோய் காப்பித் தோட்டங்களை அழிக்கவே, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. பயிர் மாறிற்று, தொழிலாளர் குடியிருந்த லயம் மாறவில்லை. ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையொன்றில் ஒரு குடும்பம் சமைத்து, உண்டு, உறங்கிற்று. அடுப்புப் புகை வெளியேற வழியில்லை. ஒருவருக்கு இருமல் வந்தால் வரிசை முழுவதும் இருமிற்று.

சோம்பல் என்ற பழி

தோட்டங்களில் பரவிய நோய்களுள் கொக்கிப்புழு நோயைச் சற்று விரிவாகக் காண்போம். இப்புழுவின் முட்டைகள் மலத்தோடு வெளியேறி ஈர மண்ணில் பொரிகின்றன. நுண்ணிய இளம்புழுக்கள் வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுந்து, குடலை அடைந்து இரத்தத்தை உறிஞ்சுகின்றன. தோட்டத்தில் மழைக்குக் குறைவில்லை. தொழிலாளிக்குக் காலணி இல்லை. லயத்துக்குக் கழிப்பிடம் இல்லை. புழுவுக்கு வேறென்ன வேண்டும்?

இரத்தம் குன்றியவன் மலைச்சரிவில் மூச்சிரைத்து நின்றான். துரைமார் அதனைச் சோம்பல் என்றனர். அவனுடைய இனத்துக்கே உரிய அழுக்குப் பழக்கந்தான் நோய்க்குக் காரணம் என்றும் கூறினர். கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப்பேர்' போடப்பட்டது. அதாவது பாதிக் கூலி. கூலி குறையவே உணவு குறைந்தது. உணவு குறையவே நோய் முற்றிற்று.

1916-இல் ராக்பெல்லர் அறக்கட்டளையினர் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்புப் பணியைத் தொடங்கினர். மருந்து கொடுத்தபோது புழுக்கள் வெளியேறின. ஆனால் கழிப்பிடங்கள் கட்டுவதற்குத் தோட்ட முதலாளிமார் பலர் செலவிட விரும்பவில்லை. ஆகவே, மருந்துண்டவர் மீண்டும் அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்தனர். மீண்டும் புழு ஏறிற்று.

இங்கு மற்றொன்றையும் நாம் நோக்க வேண்டும். இந்தியக் கரையிலிருந்த மண்டபம் முகாமில் தொழிலாளரை நாள் கணக்கில் நிறுத்திவைத்து, அம்மைப்பால் குத்தி, சோதித்த பின்னரே கப்பலேற்றினர். வருபவரிடமிருந்து தீவைக் காக்க இத்துணை அக்கறை இருந்தது. வந்தவரை லயத்திலிருந்து காக்க அவ்வக்கறை எழவில்லை.

வாக்கும் வைத்தியமும்

1948-இல் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் ஏறத்தாழ 7 இலட்சம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கிற்று. கிராமங்கள்தோறும் இலவச வைத்தியசாலைகள் பெருகிய அதே காலத்தில், தோட்ட மக்களின் வைத்தியம் நிர்வாகங்களின் பொறுப்பிலேயே விடப்பட்டது. வாக்கு இல்லாதவனுக்காக வாதாட மன்றத்தில் ஆளில்லை. 1973, 1974-ஆம் ஆண்டுகளில் உணவுத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, பங்கீட்டு உணவு குறைந்தது. தோட்டங்களில் வேலை நாட்களும் குறைந்தன. கிராமத்தானுக்குக் கிழங்கு நடவாவது ஒரு துண்டு நிலம் இருந்தது. தோட்டத் தொழிலாளிக்கு அதுவும் இல்லை. பசியால் பலர் மாண்டனர். குழந்தைகளே மிகுதியாக மடிந்தனர்.

பின்னர் நிலைமை ஓரளவு சீர்பட்டது. தாய்சேய் நலப் பணிகளும் பிள்ளைக்காம்பராக்களும் மேம்பட்டன. 1984-இல் பெண்களுக்கு ஆண்களோடு ஒத்த நாட்கூலி கிடைத்தது. 2003-ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்தோர்க்கும் குடியுரிமை வழங்கிற்று. சிசு மரணம் பெரிதும் குறைந்தது. ஒரு தலைமுறைக்குள் ஒரு மக்களின் இரத்தம் மாறிவிடுவதில்லை. மாறியது அவர்களை நடத்திய முறை. நோயின் வேர் எங்கிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆயினும் வேர் முற்றிலும் களையப்படவில்லை. 2016-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, இலங்கை முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 100-க்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். தோட்டப் பகுதியிலோ அத்தொகை 32. விடியுமுன் எழுந்து, சமைத்து, பிள்ளையை ஒப்படைத்து, நாளெல்லாம் கூடை சுமந்து, இரவில் கடைசியாக உண்ணும் தாய் இரத்தசோகையால் மெலிகிறாள். மெலிந்த தாய்க்கு எடை குறைந்த மகவு பிறக்கிறது. அம்மகவு வளர்ந்து தாயாகும்போது அக்குறையே அடுத்த தலைமுறைக்கும் சொத்தாகிறது.

நம் வாசலில்

அன்பர்களே, இவ்வரலாறு நமக்கு ஒரு கடமையையும் உணர்த்துகிறது. இன்று பீகார், ஒடிசா, அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து தொழிலாளர் பல்லாயிரவர் நம் தமிழகத்துக்கு வந்து கட்டடங்களிலும் ஆலைகளிலும் உழைக்கின்றனர். அவர்களுள் பலர் தகரக் கொட்டகைகளில் நெருங்கி வாழ்வதை நாம் காண்கிறோம். "அவர்கள் அப்படித்தான், சுத்தம் அறியாதவர்கள்" என்ற சொல் நம் இல்லங்களிலும் எழுவதுண்டு. துரைமார் நம் முன்னோரைக் குறித்துச் சொன்னது இதே சொல்தான்.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் உழைப்பைக் குறித்து வெளியிட்ட சுற்றுமடலில், புலம்பெயர்ந்து வந்த தொழிலாளியின் உரிமை உள்ளூர்த் தொழிலாளியின் உரிமைக்குக் குறைந்ததாக இருத்தலாகாது என்று போதித்துள்ளார். இப்போதனையை நாம் சிறு செயல்களால் தொடங்கலாம். நம் வீடு கட்ட வந்தவருக்கு நல்ல குடிநீரும் கழிப்பிடமும் உண்டா என்று பார்ப்போம். காய்ச்சலில் கிடப்பவரை மொழி அறிந்த ஒருவரோடு அரசு மருத்துவமனைக்கு அனுப்புவோம். அவர் படுத்திருக்கும் நாளின் கூலியைப் பிடித்தம் செய்யாதிருப்போம்.