வண்டியேறிய தண்ணீர்

நான்கு பேர், மூன்று நாள், வழியில் கடை இல்லாத பாதை. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்தால் 48 லிட்டர் ஆகிறது. பாத்திரம் கழுவவும், ஒரு கேன் கொஞ்சம் ஒழுகினால் சமாளிக்கவும் சேர்த்து 60 என்று முடிப்பார்கள். இருபது லிட்டர் கேன் மூன்று. எடை 60 கிலோ, ஏறக்குறைய இன்னொரு ஆளின் எடை. அவிநாசிபாளையம் நாற்சந்தியில் திருப்பூர்–தாராபுரம் சாலையும் கோவை–திருச்சி சாலையும் சந்திக்கின்றன. அங்கிருந்து தார், ஜிம்னி போன்ற ஜீப்புகளில் மலைக்கும் ராஜஸ்தானுக்கும் லடாக்குக்கும் புறப்படும் இளைஞர்கள் முதலில் போடுவது இந்தத் தண்ணீர்க் கணக்கைத்தான். எரிபொருள் கணக்கு அதற்குப் பிறகு.

அவர்களுடைய பாட்டன்மாருக்கு இந்தக் கணக்கு தேவைப்படவில்லை. பருத்தியும் நிலக்கடலையும் ஏற்றிக்கொண்டு காங்கயம் காளைகள் பூட்டிய வண்டி இதே சாலையில் இரவெல்லாம் நடந்தது. வண்டியின் அடியில் அரிக்கேன் விளக்கு தொங்கியது. முளைக்குச்சியில் ஒரு சுரைக்குடுவையோ செம்போ மாட்டியிருந்தது. அதில் இரண்டு மூன்று லிட்டர் பிடித்தால் அதிகம். தீர்ந்தால் அடுத்த கிணற்றில் மொண்டுகொள்ளலாம். மாட்டுக்குக் கல்தொட்டி, மனிதனுக்குத் தண்ணீர்ப்பந்தல். இத்தனைக்கும் இது செழிப்பான நாடு அன்று; மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் பூமி. கிளுவை வேலியும் வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும் நிற்கிற கொறங்காடுகள் என்னும் மேய்ச்சல் நிலங்களே இதற்குச் சாட்சி. தண்ணீர் அரிதாக இருந்ததால்தான் வழிப்போக்கனுக்குத் தண்ணீர் வைப்பது பெரிய அறமாக எண்ணப்பட்டது. தண்ணீர்ப்பந்தல் என்ற பெயரோடு ஊர்களும் பேருந்து நிறுத்தங்களும் கொங்கு நாட்டில் இன்னும் இருக்கின்றன. பந்தல்தான் பல இடங்களில் இல்லை.

அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வழித்தண்ணீர் எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைக்கவில்லை. கிணற்றங்கரையில் ஏற விடாமல் தள்ளி நிற்க வைத்து, குவிந்த கைகளில் உயரத்திலிருந்து ஊற்றப்பட்ட தண்ணீரைக் குடித்து நடந்தவர்கள் இதே சாலையில் போனார்கள். தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை நெடுங்காலம் நீடித்த வட்டாரம் இது. கேன் தண்ணீர் குடிப்பவனின் சாதியைக் கேட்பதில்லை. பழைய பந்தலின் நிழலை நினைத்து ஏங்கும்போதெல்லாம் இது எனக்கு நினைவுக்கு வந்துவிடுகிறது. இன்று கிடைத்திருப்பவற்றில் முதலில் எழுத வேண்டியதும் இதுதான்.

பாத்திரங்களுக்கு வருவோம். ரயிலும் பேருந்தும் வந்த பிறகு குடும்பப் பயணத்தின் தண்ணீர் கூஜாவில் போனது. பித்தளையில் திருகு மூடி, மேலே வளைந்த கைப்பிடி, மூடியே டம்ளர். புளி போட்டுத் தேய்த்து, வீட்டு நல்ல தண்ணீரை நிரப்பி எடுத்துப் போவார்கள். இரண்டு லிட்டருக்கு மேல் கொள்ளாது. ஆனால் ரயிலடியில் குழாய் இருந்தது, உணவு விடுதியில் உட்கார்ந்தவுடன் தண்ணீர் வைத்தார்கள். கூஜா அடுத்த குழாய் வரைக்கும் போதுமானதாக இருந்தது.

லாரிக்காரர்களிடம் இருந்த கித்தான் பை வேறு ரகம். முன்பக்கத்தில் கம்பியில் தொங்கும். புதுப் பையை முதலில் ஊற வைக்க வேண்டும். நூலிழை உப்பி இடைவெளியை அடைத்துக்கொண்ட பிறகுதான் ஒழுக்கு நிற்கும். அதன் பிறகும் மேற்பரப்பு ஈரமாகவே இருக்கும். வண்டி ஓடும்போது காற்று அந்த ஈரத்தை எடுத்துக்கொண்டு போகும். போகிற ஈரம் உள்ளே இருக்கும் தண்ணீரின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகும். சித்திரை வெயிலில் தாராபுரம் சாலையில் வீசும் காய்ந்த காற்று, பையின் தண்ணீரைக் குளிர வைத்தது. பையில் இருந்ததில் ஒரு பங்கு வழியிலேயே ஆவியாகிப் போனது. மீதி சில்லென்று இருந்தது. மின்சாரம் இல்லை, ஐஸ் இல்லை. இன்று அதே சாலையில் நிறுத்திய வண்டிக்குள் பிளாஸ்டிக் கேன் மதியத்துக்குள் வெதுவெதுப்பாகிவிடுகிறது. தண்ணீர் ஒரு சொட்டும் குறைவதில்லை. குளிர்ந்த தண்ணீர் வேண்டுமென்றால் வண்டி பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் குளிர்பெட்டி வாங்கவேண்டும்.

ஜீப்பின் கதையிலும் தண்ணீர் உண்டு; அது கேனில் தொடங்குகிறது. 1930களில் ஜெர்மன் ராணுவத்துக்காக உருவான 20 லிட்டர் தகரக் கேனை மற்ற நாட்டுப் படைகளும் பார்த்துச் செய்துகொண்டன. மேலே மூன்று கைப்பிடிகள். நிறைந்ததை இரண்டு பேர் சேர்ந்து தூக்கலாம், காலியானதை ஒருவரே ஒரு கையில் இரண்டாகத் தூக்கலாம். ஜெர்மானியர்கள் தண்ணீர் கேனில் வெள்ளைச் சிலுவை வரைந்தார்கள், எண்ணெய்க் கேனோடு மாறிவிடக் கூடாதென்று. 1940களின் இறுதியில் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பை இங்கே பாகங்களைச் சேர்த்துப் பொருத்தத் தொடங்கியது. மலைத் தோட்டங்களிலும் வனத்துறையிலும் ஜீப் ஓடிய அந்த ஆண்டுகளில் ஒரு கேன் தண்ணீர் பெரும்பாலும் ரேடியேட்டருக்காகத்தான். குடிக்க ஓடைத் தண்ணீர் இருந்தது. 2020இல் வந்த புதிய தாரின் ரேடியேட்டருக்கு வழியில் யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. கேன் இப்போது முழுக்க மனிதனுக்கு.

தண்ணீர் எப்படி சாலையிலிருந்து வண்டிக்கு ஏறியது? எங்கள் வட்டாரத்தில் இதற்குப் பதில் கண்முன்னே இருக்கிறது. மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்தில் கிணற்று நீர் மாட்டின் பலத்துக்கு ஏற்பவே வெளியே வந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் கோவைப் பகுதிக்கு வந்தது, மோட்டார் வந்தது, கிணறுகள் ஆழமாயின. பிறகு போர் எனப்படும் ஆழ்துளைக் கிணறு. இன்று ஆயிரம் அடி என்று சொன்னால் யாரும் வியப்பதில்லை. அவ்வளவு ஆழத்திலிருந்து வருவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர்.

இதோடு பனியன் தொழிலின் தாகமும் சேர்ந்தது. சாயமும் சலவையும் தண்ணீர் இல்லாமல் நடக்காது. திருப்பூரைச் சுற்றிய கிராமங்களின் கிணற்று நீர் டேங்கர் லாரிகளில் ஆலைகளுக்குப் போனது. சாய நீர் நொய்யலில் இறங்கியது. பாசனத்துக்காகக் கட்டி 1990களின் தொடக்கத்தில் முடிந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் குளமானது. ஆற்றோரக் கிணறுகளில் குடத்தை இறக்க முடியாமல் போனது. காவிரியிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம் 2005–06 வாக்கில் ஓடத் தொடங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாய ஆலைகள் மூடப்பட்டு, கழிவுநீரை வெளியே விடாத முறைக்கு மாறிய பிறகே திறந்தன. அதன் பலனை மறுக்க முடியாது. ஆனால் கெட்டுப்போன கிணற்றின் மேல் இருந்த நம்பிக்கை திரும்பவில்லை. குடிக்கும் தண்ணீர் லாரியிலோ குழாயிலோ கேனிலோ எங்கிருந்தோ வரவேண்டியது என்று ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. அந்தத் தலைமுறைதான் இன்று ஜீப்பில் மூன்று கேன் ஏற்றுகிறது. பழக்கம் மலையில் கற்றதல்ல, வீட்டு வாசலில் கற்றது.

பாட்டில் இதற்கு முன்பே வந்துவிட்டது. பிஸ்லெரி 1965இல் பம்பாயில் விற்பனைக்கு வந்தபோது அது பணக்காரர்களின் பொருள். தமிழ்நாட்டில் 2013 செப்டம்பரில் பேருந்து நிலையங்களில் 10 ரூபாய்க்கு அம்மா குடிநீர் விற்றபோது, அதை மலிவு என்று மக்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ரயிலடிக் குழாயை யாரும் நம்பாமல் ஆனார்கள். சாலையோரக் கடைகளில் இலை போடுவதற்கு முன்பே வெந்நீரா, சாதாத் தண்ணீரா, பாட்டிலா என்று கேட்கும் வழக்கமும் வந்துவிட்டது.

இன்றைய பயணிக்கு இருக்கும் அறிவு அன்றையவனுக்கு இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தண்ணீரைக் கூரைமேல் ஏற்றினால் சரிவில் வண்டி சாயும் என்று தெரிந்து, கீழே, பின் அச்சுக்கு முன்னால் இறுக்கிக் கட்டுகிறார்கள். ஒரே பெரிய தொட்டியைவிட நான்கு சிறிய கேன் நல்லது. ஒன்று உடைந்தால் மூன்று மிஞ்சும், பாதி நிறைந்த தொட்டியைப் போல உள்ளே அலையடிக்காது. ஒளி புகாத கேனில் பாசி பிடிக்காது. லடாக்கில் இரவில் உறையும் தண்ணீர் ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும் என்பதால் கேனில் இடம் விட்டு நிரப்புகிறார்கள். ஓடை நீரில் உள்ள கிருமியைத் தடுக்கக் கையடக்க வடிகட்டி இருக்கிறது. ஆனால் அது உப்பைத் தடுக்காது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை. எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரை எத்தனை முறை அந்த வடிகட்டியில் விட்டாலும் கணக்கு குறையாது. மலை ஓடைக்குப் பொருந்தும் கருவி, புறப்படும் ஊரின் தண்ணீருக்குப் பொருந்தவில்லை.

நெடும்பயணத்தில் தண்ணீர் சுமப்பதைப் பற்றிப் பேசும்போது போர் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களை விட்டுவிட முடியாது. பொழுதுபோக்காகப் போவோருக்கு முன்பே, மாதக்கணக்கில் வண்டியிலேயே சமைத்து, வண்டியடியிலேயே உறங்கி, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் வரை போனவர்கள் அவர்கள். பூமியைத் துளைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கும் அந்த ஆட்கள், தங்களுக்கான குடிநீரை டிரம்மில் கட்டிக்கொண்டு போனார்கள். அவர்களுடைய அனுபவத்தை யாராவது உட்கார்ந்து எழுதினால் இன்றைய பயணிகள் படித்துப் பயன் பெறலாம்.

சாலை மறுபடி தண்ணீர் கொடுக்கத் தொடங்கிய இடம் ஒன்று இருக்கிறது. நீலகிரி மாவட்டத்தில் 2019 முதல் சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை. மேட்டுப்பாளையம் தாண்டியதும் சோதனைச் சாவடியில் பாட்டில்களை வாங்கிக்கொள்கிறார்கள். பதிலுக்குச் சாலையோரங்களில் காசு போட்டால் தண்ணீர் தரும் இயந்திரங்களை மாவட்ட நிர்வாகம் வைத்தது. எல்லாம் எல்லா நாளும் வேலை செய்வதில்லை என்ற குறை உண்டு. இருந்தும் எவர்சில்வர் பாட்டிலோடு வண்டியை ஓரங்கட்டி, வரிசையில் நின்று நிரப்பிக்கொண்டு போகிற காட்சி அங்கே திரும்பியிருக்கிறது. இந்த வரிசையில் யாரையும் தள்ளி நிற்கச் சொல்வதில்லை.

எங்கள் சாலையில் இப்படி வழியோரம் தண்ணீர் கிடைப்பது தை மாதத்தில் மட்டும் நடக்கிறது. பழனிக்குக் காவடியோடு நடக்கிறவர்கள் அவிநாசிபாளையம் தாண்டித் தாராபுரம் போகும்போது, ஊரார் கொட்டகை போட்டுத் தண்ணீரும் மோரும் கொடுக்கிறார்கள். பானைக்குப் பதில் இருபது லிட்டர் கேன், குவளைக்குப் பதில் காகித டம்ளர். அந்தக் கேன்களும் எங்கிருந்தோ டெம்போவில் வந்து இறங்குகின்றன. தைப்பூசம் முடிந்ததும் கொட்டகையைப் பிரித்துவிடுகிறார்கள். அதைப் பங்குனி, சித்திரை வெயில் முடியும் வரை வைத்திருக்கலாம். அதற்குப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் சிலரும், வாரத்துக்கு ஒரு முறை கேன் இறக்கிவிட்டுப் போக இந்தத் தார் வண்டிக்காரர்கள் சிலரும் சேர்ந்தாலே போதும்.