கற்பிப்போர் கற்கும் மலைநாடு

அட்டனிலிருந்து தலவாக்கலை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் உல்லாசப் பிரயாணிகள் வண்டியை நிறுத்துவது டெவன் நீர்வீழ்ச்சியின் எதிரேதான். சற்று முன்னர்க் கொட்டகலையையும் பத்தனையையும் கடந்தபோது இரு கல்விக்கூடங்களின் அருகாக வந்தோம் என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்? ஒன்று அரசினர் ஆசிரியர் கலாசாலை. மற்றையது ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி. தோட்டப் பாடசாலைகளில் இன்று கரும்பலகையின் முன் நிற்போருட் பலர் இவ்விரண்டில் ஒன்றிலே பயின்றவர்கள்.

ஆசிரியருக்கும் கல்வி வேண்டும் என்னும் எண்ணம் மலைநாட்டை வந்தடைந்தது மிகப் பிந்தியே. ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையிலே தேயிலை பயிரிட்டது 1867ஆம் ஆண்டு. தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி அளிப்பது துரையின் கடமை எனச் சட்டம் கூறியது இருபதாம் நூற்றாண்டிலேதான். அதுவும் ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு மாத்திரமே. கட்டடம் என்றொரு கொட்டகை, அதில் ஒரே அறை, ஒரே உபாத்தியாயர். அவருக்குச் சம்பளம் அளித்தது தோட்டம். லயத்திலுள்ளோருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதும், வந்த கடிதத்தை வாசித்துச் சொல்வதும், திருவிழாக் கணக்கைப் பார்ப்பதும் அவர் தலையிலேயே விழுந்தன. ஐந்தாம் வகுப்போ எட்டாம் வகுப்போ படித்த ஒருவர் இத்தனையையும் சுமந்து நாற்பது ஐம்பது பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார் எனின், அவரை எள்ளி நகையாட எவருக்கும் உரிமையில்லை. ஆயினும், அவருக்குக் கற்பிக்கும் முறையைக் கற்பித்தவர் யார்? ஒருவருமிலர்.

1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டப் பாடசாலைகளை அரசு ஏற்பதற்கு வழி காட்டிற்று. ஏற்கப்பட்டவையோ மிகச் சில. 1960இலும் 1961இலும் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் புறத்தே விடப்பட்டன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தினால் தோட்டங்களே அரசின் கைக்கு வந்த பின்னர்தான், எழுபதுகளின் பிற்பகுதியில் பாடசாலைகளும் கல்வித் திணைக்களத்தின் கீழ் வரத் தொடங்கின. அதுவரையும் தோட்டத்து உபாத்தியாயர் தோட்டத்தின் சேவகர். அரசாங்க ஆசிரியருக்குரிய பயிற்சிக் கலாசாலையின் கதவு அவருக்கு எட்டாதது. நாடெங்கும் ஆசிரியர் பயிற்சி பெற்று வந்த அரை நூற்றாண்டை மலைநாடு இழந்தது இவ்வாறுதான்.

எண்பதுகளிலே நிலை மாறிற்று. சுவீடன் தேசத்து உதவியுடன் தோட்டப் பாடசாலை அபிவிருத்தித் திட்டம் தொடங்கிற்று. கட்டடங்கள் எழுந்தன, மலையக இளைஞரே ஆசிரியராக நியமனம் பெற்றனர், கடமையில் இருந்துகொண்டே தபால் வழிப் பாடங்களால் பயிற்சி பெறும் தொலைக்கல்வி முறையும் வந்தது. 1990களில் ஜேர்மனியின் துணையோடு பத்தனையில் ஸ்ரீபாதக் கல்லூரி உருவாயிற்று. அது மலையகத் தமிழ் மாணவருக்கு முதன்மை அளிக்கவென்றே எழுந்தது. எவருக்கு எத்தனை இடம் என்னும் பிணக்கும் உடன் எழுந்தது. இங்கே மூவாண்டுப் படிப்பு; ஈராண்டு விடுதி வாசம், மூன்றாம் ஆண்டு ஒரு பாடசாலையிற் கட்டுறு பயிற்சி. கொட்டகலைக் கலாசாலையோ ஏற்கெனவே கடமையிலுள்ள ஆசிரியர் வந்து பயிலும் இடம்.

இவ்வளவும் நன்றே. எனினும் 2014ஆம் ஆண்டின் அறிவித்தலை நாம் மறத்தலாகாது. தோட்டப் பாடசாலைகளுக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரிய உதவியாளரைச் சேர்க்க அரசு முன்வந்தது. உயர்தரம் சித்தியடைந்தோர் விண்ணப்பித்தனர். கொடுப்பனவு மாதம் 6,000 ரூபா; பின்னர் அது 10,000 ரூபாவாயிற்று. பயிற்சியை முடித்த பின்னரே ஆசிரியர் சேவையில் நிரந்தர இடம். பயிற்சி தாமதமானால் சம்பளமும் தாமதமாகும். அவ்விளைஞர் வகுப்பிற் செய்த வேலையோ முழு ஆசிரியரின் வேலை. உதவியாளர் என்பது பெயரளவிலேயன்றி, அவர் உதவுவதற்கு வேறோர் ஆசிரியர் அவ்வகுப்பில் இருந்தாரல்லர். ஒருவரின் பயிற்சியை அவருடைய அடுப்போடு பிணைத்துவிட்டால் அவர் பயிற்சியில் நாடுவது அறிவையா, சான்றிதழையா? இக்கேள்வியை நாம் ஆசிரியரிடம் கேட்பதிலும் திட்டம் வகுப்போரிடம் கேட்பதே முறை.

பயிற்சி முடிந்தபின் வருவது செயலமர்வு. இச்சொல்லைக் கேட்டதும் பல ஆசிரியர் முகத்தில் ஒரு களைப்புத் தோன்றுவதை வாசகர் கவனித்திருக்கலாம். காலை எட்டரைக்கு வருகைப் பதிவு, மங்கல விளக்கு, மூன்று வரவேற்புரைகள், தேநீர். தேயிலை விளையும் இடத்திலே தேநீர் மாத்திரம் ஏனோ எப்போதும் தண்ணீராகவே வரும்! பின்னர் வளவாளர் ஒருவர், மாணவரை மையமாகக் கொண்ட கற்பித்தலைப் பற்றி இரண்டு மணி நேரம் ஓயாது சொற்பொழிவாற்றுவார். எதிரே அமர்ந்திருக்கும் மாணவராகிய ஆசிரியருக்கு ஒரு வார்த்தை பேச இடமிராது. இது மலைநாட்டுக்கு மாத்திரம் உரிய குறையன்று. பல்கலைக்கழகங்களிலும் புதிய விரிவுரையாளர் கற்பித்தற் பயிற்சிநெறி ஒன்றை முடித்த பின்னரே பதவியில் உறுதி பெறுகின்றனர். அங்கும் இவ்வித நாட்கள் உண்டு.

நல்ல செயலமர்வு எப்படியிருக்கும்? எம்மிடம் வரும் ஆசிரியருக்கு நாம் அளிக்கும் பணி ஒன்றைக் கூறுகின்றேன். நூற்றுவீதத்தைக் கற்பிக்கப் பாடநூலிலுள்ள மாம்பழ வியாபாரியை ஒரு நாளைக்கு விடுத்து, கொழுந்து நிறுவையை எடுங்கள் என்போம். இருபது கிலோ கொழுந்து பறித்த தாய்க்கு இரண்டு கிலோ கழிக்கப்பட்டதெனக் கொள்வோம். கழிவு எத்தனை வீதம்? பத்து வீதம் எனப் பிள்ளை கூறிவிடும். ஒருமுறை பங்குபற்றிய இளம் ஆசிரியை ஒருவர் எழுந்து, "சேர், பரீட்சையில் கொழுந்து வராதே, மாம்பழந்தானே வரும்?" என்றார். மண்டபமே சிரித்தது. அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை பெற்றோர் மனத்தில் எவ்வளவு பெரிய இடம் பிடித்துள்ளதென்பது அவருக்குத் தெரியும். விவாதம் ஒரு மணி நேரம் நீண்டது. அதுவே அன்றைய பயன். அவர் அப்பாடத்தை வகுப்பில் நடத்திவிட்டு மீண்டும் வந்தபோது சொன்னார்: கணக்கை எல்லோரும் செய்தனர், ஆனால் ஒரு சிறுமி, "கூடை ஒரு கிலோதானே இருக்கும், மற்றக் கிலோ எதற்கு?" என்று கேட்டுவிட்டாள். என்ன விடை கூறுவதென்று அவர் எங்களைக் கேட்டார். ஈரத்துக்குக் கழிப்பது என்றார் ஒருவர். மழையில்லாத நாளிலுமா என்றார் இன்னொருவர். ஆசிரியர் கைந்நூலில் இதற்கு விடையில்லை.

யப்பானிய ஆசிரியர் நீண்டகாலமாகவே இவ்வழியைக் கைக்கொண்டு வருகின்றனர். சிலர் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிடுவர்; ஒருவர் நடத்துவார்; மற்றையோர் வகுப்பின் பின்புறம் நின்று ஆசிரியரையன்று, பிள்ளைகளையே கவனிப்பர்; பின்னர்த் திருத்துவர். இதற்குப் பெரும் பணமும் வேண்டியதில்லை, குளிரூட்டிய மண்டபமும் வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று. சிறு தோட்டப் பாடசாலைகளில் ஓராசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளை ஒருங்கே நடத்த நேர்கின்றது. நம் பயிற்சியோ ஒரு வகுப்புக்கு ஓராசிரியர் என்னும் கணக்கிலேயே பெரும்பாலும் அமைந்துள்ளது. ஆந்திரத்து ரிஷி பள்ளத்தாக்கின் கிராமியப் பள்ளிகள் இச்சிக்கலுக்கென்றே அட்டைகளை உருவாக்கின. பிள்ளை தன் படியிலே தான் ஏறும். ஆசிரியர் தேவைப்படும் இடத்தில் அமர்வார். சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 2003இல் அதனை ஏற்றன. 2007இல் தமிழ்நாடு முழுவதும் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவிற்று. தென்னமெரிக்காவின் கொலம்பியாவில் எழுபதுகளில் பிறந்த 'புதிய பள்ளி' இயக்கமும் மலைக் கிராமங்களின் சிறு பள்ளிகளிலிருந்தே புறப்பட்டது. அங்கே அயற்பள்ளி ஆசிரியர் சிலர் சிறு குழுவாய்க் கூடித் தத்தம் வகுப்பு அநுபவத்தைப் பரிமாறிக்கொள்வது திட்டத்தின் உயிர்நாடி. கோப்பி விளையும் அம்மலைகளுக்கும், ஒருகாலத்தில் கோப்பி விளைந்த இம்மலைகளுக்கும் தூரம் அதிகமில்லை போலும்!

பாடசாலையையே தளமாகக் கொண்ட ஆசிரியர் விருத்தியை நம் கல்வி அமைச்சும் முன்வைத்துள்ளது. ஆசிரியர் பதினைந்து பேர் உள்ள நகரத்துப் பாடசாலைக்கு அது எளிது. மூன்று பேர் உள்ள தோட்டத்துப் பாடசாலையில் ஒருவர் செயலமர்வுக்குச் சென்றால் இரண்டு வகுப்புகள் அன்று வெறுமையாகும். சனிக்கிழமை வைத்தாலோ, மேற்பிரிவிலிருந்து இறங்கி வரும் ஆசிரியை காலை வண்டியைத் தவறவிட்டால் அரைநாள் போயிற்று. ஒரே பள்ளத்தாக்கில் நடந்துசெல்லும் தொலைவிலுள்ள மூன்று நான்கு பாடசாலைகளை ஒரு குழுவாக்கி, மாதத்தில் ஒரு பிற்பகல், பிள்ளைகள் வீடு சென்றபின், அவற்றுள் ஒன்றிலே ஆசிரியர் கூடலாம். ஆலோசகர் அங்கே செல்லட்டும். பயணச் செலவு ஒருவருக்கே, வகுப்பெதுவும் வெறுமையாகாது. எம்மிடம் பயின்று சென்றோருட் சிலரிடம் இதனைக் கூறியுள்ளோம். முதற் கேள்வியாக அவர்கள் கேட்டது, அந்தப் பிற்பகல் கடமை நேரமாகக் கணிக்கப்படுமா என்பதே. அதற்கு விடையளிக்க வேண்டியவர் வலயக் கல்விப் பணிப்பாளர்.