தாத்தாவின் சவரக்கத்தி

பெண்கள் பத்திரிகையில் சவரக்கத்திக்கு என்ன வேலை என்று புருவத்தை உயர்த்தாதீர்கள், சகோதரிகளே! வீட்டில் மீசை அரும்பும் பிள்ளை இருந்தால் இந்த விஷயம் என்றாவது ஒருநாள் உங்களிடமும் வந்து நிற்கும். என்னிடம் வந்தது போன தை மாதம்.

பரணைச் சுத்தம் செய்தபோது தகரப் பெட்டியில் என் தாத்தாவின் மடக்குக் கத்தி கிடைத்தது. ஜெர்மனியில் ஸோலிங்கன் ஊரில் செய்தது. அவருக்குப் பின் என் அப்பா வருஷக்கணக்கில் அதில்தான் சவரம் செய்துகொண்டார். கை நடுங்க ஆரம்பித்ததும் எடுத்து வைத்துவிட்டார். "அம்மா, இது எனக்கு வேணும்" என்று ஒற்றைக் காலில் நின்றான் என் மகன். அவனுக்கு 19 வயது. எனக்கோ வயிற்றைக் கலக்கியது.

கத்தி மழுங்கியிருந்தது. அரிவாள்மனை தீட்டுகிற எனக்கு இது தெரியாதா என்று, கொல்லைப்புறக் கல்லில் முதுகைத் தூக்கிப் பிடித்து நாலு இழுப்பு இழுத்தேன். அவ்வளவுதான், இருந்த பதமும் போயிற்று! அப்பா கோபிக்கவில்லை. "உன் மேல தப்பு இல்லேம்மா. இது காய்கறிக் கத்தி இல்லே. இதுக்குப் பலம் வேண்டாம், பொறுமைதான் வேணும்" என்றார். தெருவில் வரும் சாணைக்காரரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். பதறிவிட்டார். சக்கரத்தின் சூட்டில் மெல்லிய கூர்ப்பக்கத்தின் எஃகு உறுதி இழந்துவிடுமாம். பிறகு எத்தனை தீட்டினாலும் பதம் நிற்காதாம்.

அப்பா சொல்லிக் கொடுத்தபடி நானும் மகனும் கற்றுக்கொண்டோம்.

தீட்டுவது எப்படி?

1000, 5000, 8000 என்று எண் போட்ட நீர்க்கற்கள் வேண்டும். எண் ஏற ஏறக் கல் வழவழப்பாகும். கல் சமதளமாக இருப்பது முக்கியம். தண்ணீர் தெளித்து, கத்தியின் முதுகும் கூரும் ஒருசேரக் கல்லில் படியும்படி வைக்க வேண்டும். முதுகைத் தூக்கவே கூடாது. சரியான கோணத்தைக் காட்டுவதே அந்த முதுகுதான். கூர் முன்னே போக, முதுகு பின்னே வரட்டும். அழுத்தம் வேண்டாம். மறுபக்கம் திருப்பும்போது முதுகின் மேல் புரட்டுங்கள். நான் கெடுத்த கூரை 1000 கல்லில் சரிசெய்யவே மூன்று நாள் சாயங்காலம் ஆயிற்று. கூரில் பெரிய பல் விழுந்திருந்தால் நாமே முயல வேண்டாம். விஷயம் தெரிந்தவரிடம் கொடுத்துவிடலாம்.

கல் தினமும் வேண்டாம். தினமும் வேண்டியது தோல் வார். இதில் எல்லாம் தலைகீழ்: முதுகு முன்னே, கூர் பின்னே. மறந்து கூரை முன்னே தள்ளினால் தோலும் வெட்டுப்படும், கத்தியும் மழுங்கும். வாரை இழுத்துப் பிடித்து 40, 50 தடவை நிதானமாகத் தடவினால் போதும். கூரைக் கட்டைவிரலால் பதம் பார்க்காதீர்கள்.

முதல் சவரம்

குளித்தவுடன் தாடி மிருதுவாக இருக்கும். ஸோப்பு நுரையை நன்றாகக் குழைத்துப் பூச வேண்டும். ஒரு கை தோலை இழுத்துப் பிடிக்க, மறு கை கத்தியைச் சுமார் 30 டிகிரி சாய்வில், முடி வளரும் திசையிலேயே ஓட்ட வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் வெட்டுத்தான். முதல் இரண்டு வாரம் கன்னங்கள் மட்டும். மோவாயும் மேலுதடும் வழக்கமான ரேஸரில் ஆகட்டும். என் மகன் நாலாம் நாளே அவசரப்பட்டு மோவாயில் கீறிக்கொண்டான். படிகாரத்தை நனைத்துத் தேய்த்தோம், ரத்தம் நின்றது. அதன் பிறகு அவசரமும் நின்றது!

முடிந்ததும் கத்தியைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் தடவி வையுங்கள். குளியலறையில் விட்டால் துருப்பிடிக்கும். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் பூட்டித்தான் வைக்க வேண்டும்.

இது மிக முக்கியம்

ஒரு கத்தி ஒருவருக்குத்தான். அண்ணன் தம்பியானாலும் மாற்றிக்கொள்ளக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளி மூலமாகவே ஹெபடைடிஸ் பி பரவும். உடலுக்கு வெளியே அந்தக் கிருமி குறைந்தது 7 நாட்களாவது உயிரோடிருக்கும். குழந்தைக்கு மொட்டை போடும்போதும், உங்கள் கண்ணெதிரே புது பிளேடு பிரித்துப் போடச் சொல்லிக் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் கை நடுங்குபவர்களுக்கும் இந்தக் கத்தி ஆகாது. என் அப்பாவும் அந்த மாத்திரை சாப்பிடுபவர்தான். அவருக்கு மின்சார டிரிம்மரால் நான்தான் சவரம் செய்துவிடுகிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் முகம் முழுவதையும் ஒரு கீறல் இல்லாமல் மழித்துக்கொண்டு வந்து தாத்தா முன் உட்கார்ந்தான். அப்பா நடுங்கும் விரல்களால் அவன் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். "பதம் வந்துடுச்சு" என்றார். கத்தியைச் சொன்னாரா, பேரனைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.