சரிவுக்குக் குறுக்கே ஓர் உழவு

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கிறது கூன் பள்ளத்தாக்கு. 1930-களின் தொடக்கத்தில் அங்கே ஒவ்வொரு கனமழையும் விவசாயிகளின் மேல்மண்ணைக் கரைத்து ஓடையில் சேர்த்தது.

காரணம் வானத்தில் இல்லை, உழவில் இருந்தது. நார்வேயிலிருந்து வந்து குடியேறியவர்கள் குன்றுச் சரிவுகளை மேலிருந்து கீழாக உழுதார்கள். அதனால் ஒவ்வொரு உழவுச் சாலும் மழைநீர் பாய்ந்திறங்கும் வாய்க்காலானது. செங்குத்தான காட்டுச் சரிவுகளிலும் பால் மாடுகள் மேய்ந்தன. தரையைப் பிடித்திருந்த புல்லும் இளங்கன்றுகளும் அழிந்தன. மேட்டில் ஆழமான அரிப்புப் பள்ளங்கள் விழ, அடிவாரத்து நல்ல வயல்களை வண்டலும் மணலும் மூடின.

1933-ல் அமெரிக்க அரசு மண் அரிப்புத் தடுப்புக்கென ஒரு தனித் துறையைத் தொடங்கி, ஹியூ ஹாமண்ட் பென்னட்டைத் தலைவராக்கியது. முழு நீர்ப்பிடிப்புப் பகுதி ஒன்றையே சீர்செய்து காட்டும் முதல் முயற்சிக்கு அத்துறை தேர்ந்தெடுத்த இடம்தான் கூன் பள்ளத்தாக்கு. மேட்டுக்காரர் நிலத்தில் தண்ணீரை நிறுத்தாமல் பள்ளத்து நிலத்தைக் காப்பாற்ற முடியாது. ஆகவே சுமார் 360 சதுர கிலோமீட்டரில் பரவிக் கிடந்த பண்ணைகள் அனைத்தையும் சேர்த்தே திட்டமிட வேண்டியிருந்தது.

ஆனால் நிலம் விவசாயியுடையது. அதிகாரிகள் ஒவ்வொரு பண்ணையாக நடந்து, சரிவையும் மண்ணையும் பார்த்து வரைபடம் தயாரித்தார்கள். பிறகு விவசாயியோடு உட்கார்ந்து பேசி, ஐந்து ஆண்டுகளுக்கு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். சுண்ணாம்பு, உரம், விதை, வேலிக் கம்பி எல்லாம் அரசு தரும். சரிவுக்குக் குறுக்கே உழுவதும், மிகச் செங்குத்தான காட்டில் மாடுகளை விடாமல் இருப்பதும் விவசாயியின் பொறுப்பு.

காட்டு மேய்ச்சலைக் கைவிடச் சொன்னதுதான் கடினமான நிபந்தனை. மாட்டுக்குத் தீனி எங்கே? அதற்கான விடை சுண்ணாம்பில் இருந்தது. புளிப்பு மண்ணில் சுண்ணாம்பு போட்டால் குதிரை மசால் என்ற தீவனப் பயிர் செழிக்கும்; குறைந்த நிலத்திலேயே கூடுதல் தீவனம் கிடைக்கும்.

1934-ல் வயல்களின் முகம் மாறத் தொடங்கியது. மக்காச்சோளம், ஓட்ஸ், குதிரை மசால் என்று குன்றின் வளைவை ஒட்டி மாறி மாறிப் பட்டைகளாக விதைத்தார்கள். மக்காச்சோளப் பட்டையில் வேகமெடுக்கும் தண்ணீரை அடுத்துள்ள தீவனப் பட்டை தடுத்து நிறுத்தி, மண்ணை அங்கேயே இறக்கிவைத்தது. பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த இளைஞர்கள் சிவிலியன் கன்சர்வேஷன் கோர் என்ற அரசு வேலைத்திட்டத்தின் முகாம்களில் தங்கி, வேலி போட்டார்கள், மரம் நட்டார்கள், அரிப்புப் பள்ளங்களில் தடுப்பணை கட்டினார்கள். அவர்களின் மாதச் சம்பளம் 30 டாலர். அதில் பெரும்பகுதி நேராக வீட்டுக்குப் போனது.

காட்டுயிர் அறிஞர் ஆல்டோ லியோபோல்ட் இத்திட்டத்தின் ஆலோசகராக இருந்தார். உழவுக்கு உதவாத மூலைகளில் காடைக்கும் மற்றப் பறவைகளுக்கும் இரையும் மறைவும் தரும் செடிகளை நடவைத்தார். 1935-க்குள் அப்பகுதியின் 800-க்கும் மேற்பட்ட விவசாயிகளில் பாதிப்பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். சேராதவர்கள் பலரும் பக்கத்து வயலைப் பார்த்துப் பின்னர் இம்முறைக்கு வந்தார்கள்.

பலன் தெரியப் பல ஆண்டுகள் பிடித்தன. புவியியலாளர் ஸ்டான்லி டிரிம்பிள் 1999-ல் வெளியிட்ட ஆய்வின்படி, பள்ளத்தாக்கில் வண்டல் படியும் வேகம் 1930-களில் இருந்ததில் சுமார் 6 சதவீதமாகக் குறைந்துவிட்டது. கலங்கிக் கிடந்த ஓடைகள் தெளிந்து, இன்று டிரவுட் மீன் பிடிப்பவர்களை இழுக்கின்றன.

ஆனாலும் வேலை முடிந்துவிடவில்லை. 2018 ஆகஸ்டில் கொட்டிய பெருமழையில், பிற்காலத்தில் கட்டப்பட்ட வெள்ளத் தடுப்பணைகள் சில உடைந்தன. சிறு பால் பண்ணைகள் மூடப்படும்போது தீவனத்துக்குத் தேவை குறைகிறது. குதிரை மசால் இருந்த இடத்தில் மக்காச்சோளமும் சோயாவும் ஏறுகின்றன. அதனால் அங்குள்ள விவசாயிகள் மறுபடியும் கூடிப் பேசுகிறார்கள். அறுவடைக்குப் பின் நிலத்தை வெறுமையாக விடாமல் மூடுபயிர் போடுவது, மாடுகளைப் பகுதி பகுதியாக மாற்றி மேய்ப்பது ஆகியவையே இப்போது அவர்கள் கையிலெடுத்திருக்கும் வேலைகள்.