மணிமுத்தாறில் வீடு வாங்கி வாடகைக்கு விட்டால் லாபமா? சிம்பிள் கணக்கு இதோ!

அப்பாவின் ரிட்டையர்மென்ட் பணம் வந்தாச்சு. 'ஊர்ப் பக்கம் ஒரு வீடு வாங்கிப் போட்டா மாசாமாசம் வாடகை வருமே' என்று வீட்டில் பேச்சு ஓடுதா? முதலில் கணக்கைப் பாருங்க.

கையில் எவ்வளவு நிற்கும்?

உதாரணத்துக்கு, வீட்டின் விலை 20 லட்சம் ரூபாய். முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2% சேர்த்தால் அடக்கம் 21.80 லட்சம். மாத வாடகை 7,000 என்றால் ஆண்டுக்கு 84,000. வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்து, வரி, ரிப்பேருக்கு இன்னொரு மாத வாடகை போனால் மிச்சம் 70,000. அதாவது 3.2%, மாதம் சுமார் 5,800 ரூபாய்.

அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில், 7.4% வட்டிக்கு 9 லட்சம் போட்டாலே மாதம் 5,550 ரூபாய் வரும்.

லோன் போட்டு வாங்கினால்?

20 லட்சத்துக்கு 8% வட்டி மட்டுமே ஆரம்பத்தில் மாதம் 13,000 ரூபாயைத் தாண்டும். வாடகை அதில் பாதிதான்.

யார் குடிவருவாங்க?

அருவி பார்க்க வருபவர்கள் மாத வாடகைக்கு வரமாட்டார்கள். வெள்ளம் வந்தால் அருவியில் குளிக்கவே வனத்துறை தடை போடும். தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் இரண்டு பட்டாலியன்கள் இங்கே இருக்கின்றன. குவார்ட்டர்ஸ் கிடைக்காதவர்கள் வெளியில் வீடு தேடுகிறார்களா என்று விசாரித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்க.

அப்போ வாங்கவே கூடாதா?

வாங்கலாம். இதே வாடகையில் 6% வருமானம் வேண்டுமென்றால், மொத்த அடக்கம் 11.6 லட்சத்தைத் தாண்டக் கூடாது. நிலத்தின் விலை ஏறலாம்தான். ஆனால், அந்த லாபம் விற்கும்போதுதான் கைக்கு வரும். அப்பாவின் மாதச் செலவுக்கு அது உதவாது.