ஆயில் குச்சியைச் சரியாகப் பார்ப்பது

இன்ஜின் ஓடும்போது ஆயில் ஓரிடத்தில் நிற்பதில்லை. அடியிலுள்ள சம்ப்பிலிருந்து பம்ப் அதை உறிஞ்சி, ஃபில்டர் வழியாக கிராங்க் ஷாஃப்ட், கேம் ஷாஃப்ட் வரை ஏற்றுகிறது. அங்கிருந்து அது வழிந்து மறுபடி சம்ப்புக்கு வருகிறது. ஆயில் குச்சி, அதாவது டிப் ஸ்டிக், அளப்பது சம்ப்பில் கிடக்கும் ஆயிலை மட்டுமே. வண்டியை அணைத்த கையோடு குச்சியை உருவினால் அளவு குறைத்தே காட்டும். பங்க்கில் அவசரமாக பானெட்டைத் திறந்து "ஆயில் கம்மி" என்று சொல்லப்படுவது பல நேரம் இந்த வகைதான்.

பெரும்பாலான கார்களில் இன்ஜின் சூடான பிறகு அணைத்து, ஐந்து முதல் பத்து நிமிடம் விட்டுப் பார்க்க வேண்டும். சில கம்பெனிகள் குளிர்ந்த இன்ஜினில் பார்க்கச் சொல்கின்றன. கையேடு சொல்வதே கணக்கு. சூட்டில் ஆயில் விரியும் என்பதால் இந்த வேறுபாடு அற்பமானதல்ல. தரை சமமாக இருப்பதும் முக்கியம். சம்ப் அகன்று ஆழமில்லாமல் இருப்பதால், லேசான சரிவிலேயே ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும்.

முதல் தடவை உருவும்போது தெரியும் அளவை நம்பக் கூடாது. ஓட்டத்தில் தெறித்த ஆயில் குச்சி முழுக்க அப்பியிருக்கும். நூல் உதிராத துணியால் துடைத்து, அடிவரை செருகி, மறுபடி உருவ வேண்டும். குச்சியின் இரு பக்கமும் ஒரே அளவு காட்டாவிட்டால் குறைந்ததே சரி. குச்சி இறங்கும் குழாயின் சுவரில் ஒட்டிய ஆயில்தான் மற்ற பக்கத்தை உயர்த்திக் காட்டுகிறது. புது ஆயில் தெளிவாக இருப்பதால் அதன் விளிம்பு எளிதில் கண்ணுக்குப் படாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கலாம்.

குச்சியில் உள்ள கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே பல கார்களில் சுமார் ஒரு லிட்டர் பிடிக்கும். அதனால் கால் லிட்டர் ஊற்றி, சற்றுப் பொறுத்து, திரும்பப் பார்ப்பதே நல்லது. மேல்கோட்டைத் தாண்டினால் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். பம்ப் ஆயிலோடு காற்றையும் இழுக்கும். டேஷ்போர்டின் சிவப்பு ஆயில் விளக்கு குச்சியைப் பார்ப்பதற்கு மாற்றாகாது. அது எரிவது அழுத்தம் விழுந்த பிறகு.

குச்சியில் பால் கலந்த காபி நிறம் தெரிந்தால் ரேடியேட்டர் நீர் கலந்திருக்கலாம். டீசல் காரில் கறுப்பு நிறம் சகஜம். ஆனால் ஊற்றாமலே அளவு ஏறினால் கவனிக்க வேண்டும். புகை வடிகட்டியை எரித்துச் சுத்தம் செய்ய இன்ஜின் கூடுதலாகச் செலுத்தும் டீசல், எரியாமல் சம்ப்பில் இறங்கியிருக்கலாம். அப்படி நீர்த்த ஆயிலை மாற்றத்தான் வேண்டும்.