கிணற்று நீரும் சிறுநீர்ப்பைக் கல்லும்

கண்டி வாவிக்குத் தென்கிழக்கே மேடேறிச் செல்லும் வீதியை அண்டி அமைந்துள்ள ஊர் அம்பிட்டிய. 1893ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கத்தோலிக்கக் குருமடத்தால் நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. அவ்வூரிலும் அதன் அயலிலும் வாழும் முதியவர் ஒருவருக்குச் சிறுநீர் தடைப்பட்டு, 'கல்லடைப்பு' என்ற சொல் வீட்டில் எழுந்துவிட்டால், வீட்டார் முதலிற் குறை கூறுவது கிணற்றைத்தான். அவர்கள் அவ்வாறு எண்ணுவதற்குக் காரணம் இல்லாமலில்லை. கண்டியைச் சூழ்ந்த நிலத்திற் பல இடங்களிற் பளிங்குச் சுண்ணக்கல் ஓடுகிறது. திகணப் பகுதியில் அக்கல்லை வெட்டியெடுக்கும் அகழிடங்களும் உண்டு. இத்தகைய நிலத்தில் ஊறும் நீர் வன்மை மிக்கது. நாள்தோறும் கொதிக்கவைக்கும் கேத்திலின் அடியில் வெண்மையான படை ஒன்றைத் தோற்றுவிப்பது. கேத்திலிற் கல் படியுமாயின் வயிற்றினுள்ளும் படியாதோ என்று கேட்பது இயல்பே.

ஆயினும் இவ்வனுமானம் பிழையானது. பிழையான அனுமானங்களுட் சில எவருக்கும் தீங்கு செய்வதில்லை. இதுவோ தீங்கு செய்கிறது. வீட்டார் கிணற்றை விட்டுக் குழாய்நீருக்கு மாறுகின்றனர். அல்லது போத்தல் நீர் வாங்குகின்றனர். செய்யவேண்டியதைச் செய்துவிட்டோம் என்ற நிம்மதியில் முதியவரை வைத்தியரிடம் காட்டாது விட்டுவிடுகின்றனர். கல்லை உண்டாக்கிய உண்மையான காரணமோ அவருடைய உடலினுள்ளேயே இருந்து, மாதக்கணக்கிற் சிறுநீரகங்களைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

நீரின் மீது சுமத்தப்பட்ட இப்பழி நமது மலைநாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. இங்கிலாந்தின் கிழக்கிலுள்ள நோர்போக் மாவட்டம் பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளிற் சிறுநீர்ப்பைக் கல்லுக்குப் பேர்போன இடமாயிருந்தது. 1770களின் தொடக்கத்தில் நோரிச் நகரில் அமைக்கப்பட்ட வைத்தியசாலை, கல்லறுக்கும் சிகிச்சைக்காகவே புகழ்பெற்றது. அங்கே எடுக்கப்பட்ட கற்கள் எண்ணிடப்பட்டுப் பாதுகாக்கப்பட்டன. அந்த மாவட்டத்தின் நிலமும் சுண்ணக்கல் நிலமே. ஆகவே அங்கும் மக்கள் நீரையே ஐயுற்றனர். ஆனால் அந்நோயால் வருந்தியோரிற் பெருந்தொகையினர் ஏழைகளின் பிள்ளைகள். செல்வர் வீட்டுப் பிள்ளைகளிடம் அது அரிதாகவே காணப்பட்டது. பின்னர், வறியவரின் உணவு சீர்ப்பட்டபோது, பிள்ளைகளின் கல்நோய் அங்கிருந்து மறைந்தே போயிற்று. சுண்ணக்கல் அவ்விடத்திலேயே கிடந்தது. நீரும் மாறவில்லை. மாறியது உணவு.

பிள்ளைகளின் கல்லுக்குக் காரணம் இன்று ஓரளவு தெளிவாகவே அறியப்பட்டுள்ளது. தாய்ப்பாலுடன் அல்லது தாய்ப்பாலுக்குப் பதிலாக, அரிசி அல்லது கோதுமைக் கஞ்சியே உணவாகி, பால், முட்டை, மீன், பருப்பு ஆகியவை கிடையாதவிடத்து உடலிற் பொசுபேற்று குறைகிறது, சிறுநீர் செறிவடைகிறது, அதிற் பளிங்குத் துகள்கள் திரள்கின்றன. வயிற்றோட்டத்தால் உடல்நீர் வற்றுவதும் இதற்குத் துணை செய்யும். வட ஆபிரிக்கா முதல் இந்தியா ஊடாகத் தாய்லாந்து வரை இந்நோய் பரவியிருந்த நாடுகளை ஒரு கச்சைபோல வரைந்து காட்டுவர் ஆராய்ச்சியாளர். பண்டை இந்திய நூலாகிய சுசுருத சங்கிதை, கல்நோய் பெரும்பாலும் சிறுவர்க்கே வருவது என்று கூறுவது இங்கு நினைக்கத்தக்கது. இலங்கையிலும் ஏனைய நாடுகளிலும் பிள்ளைகளின் ஊட்டம் திருந்தத் திருந்த அது அருகி வந்துள்ளது.

இனி முதியவரிடம் வருவோம். சிறுநீரகங்கள் வடித்து இறக்கும் நீரைச் சிறிது நேரம் தாங்கிவைக்கும் தசைப்பையே சிறுநீர்ப்பை. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்யும்போது முற்றாக வெறுமையாகிவிடும். இரவில் ஊற்றிய குடத்தை அடிவரை கவிழ்க்காது, நாள்தோறும் மேலே புதுநீர் ஊற்றிவந்தால் அடியில் என்ன சேருமோ அதுவே வெறுமையாகாத சிறுநீர்ப்பையிலும் சேர்கிறது. சிறுநீரிற் கரைந்துள்ள உப்புகள் தேங்கிக் கிடக்கும் நீரிற் பளிங்காகின்றன. பளிங்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகின்றன.

ஆண்களின் சிறுநீர்ப்பையின் வாயிலைச் சுற்றி, சிறுநீர் வெளியேறும் வழியை அணைத்தாற்போல, புரோஸ்டேட் என்னும் சுரப்பி உள்ளது. ஐம்பது வயதைக் கடந்தபின் இது பருப்பது மிகச் சாதாரணம். பருத்த சுரப்பி வழியை நெருக்க, பையில் ஒவ்வொரு முறையும் சிறிது நீர் எஞ்சுகிறது. வளர்ந்தோரின் சிறுநீர்ப்பைக் கற்களுக்குத் தலையாய காரணம் இதுவே. இந்நோயாளிகளிற் பெரும்பாலோர் ஆண்களாயிருப்பதும் இதனாலேயே. நமது சித்த வைத்திய மரபு நீரடைப்பு, கல்லடைப்பு, சதையடைப்பு என மூன்றாகப் பிரித்துப் பேசியது. சதையடைப்பு முந்தியும் கல்லடைப்பு பிந்தியும் வருவதே இங்கு நிகழ்வது.

வேறு காரணங்களும் உள. மரத்திலிருந்து விழுந்தோ வாகன விபத்திலோ முதுகந்தண்டு அடிபட்டவர்களுக்குப் பையைச் சுருக்கும் நரம்புகள் செயலிழக்கும். சிறுநீர் வடிய நெடுநாட் கதீற்றர் குழாய் இடப்பட்டவர்களுக்கு அக்குழாயின் நுனியிற் கல் படியும். சிலவகைப் பற்றீரியாக்கள் யூரியாவைச் சிதைத்து, சிறுநீரைக் காரத்தன்மையாக்கி, மகனீசியமும் பொசுபேற்றும் கலந்த மென்மையான கல்லை விரைவில் வளர்க்கும். தொற்றில்லாத முதியவரிடம் யூரிக் அமிலக் கல்லும் கல்சியம் ஒட்சலேற்றுக் கல்லும் மிகுதி. சிறுநீரகத்தில் உண்டான சிறு கல் பைக்குள் இறங்குவதும் உண்டு. வழி திறந்திருப்பின் அது பெரும்பாலும் சிறுநீரோடு போய்விடும், அடைப்பிருப்பின் அங்கேயே தங்கி வளரும்.

கல்சியம் என்ற பெயரைக் கேட்டதும் பாலையும் தயிரையும் விலக்கிவைப்போர் பலர். இது வேண்டாத பத்தியம். உணவிலுள்ள கல்சியம் குடலில் ஒட்சலேற்றைப் பற்றிக்கொண்டு அது உடலிற் சேராமற் காப்பது. அளவான பால் கல்லுக்கு நட்பன்று. வடமத்திய மாகாணத்து விவசாயிகளை வாட்டும் நாட்பட்ட சிறுநீரக நோய்க்கும் குடிநீருக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய ஆராய்ச்சி வேறு விடயம். அதனை இதனோடு கலந்து குழம்பலாகாது.

சிறு கல் யாதொரு தொல்லையும் தராது கிடக்கலாம். தொல்லை தரத் தொடங்கின் அதன் குறிகள் தனித்தன்மை உடையன. அடிவயிற்றில் நோவு, சிறுநீர் கழித்து முடியும் தறுவாயில் அந்நோவு மிகுந்து ஆணுறுப்பின் நுனிவரை இறங்குதல், ஓடிக்கொண்டிருந்த நீர் திடீரென நின்று, உடலைச் சற்றுச் சாய்த்ததும் மீண்டும் ஓடுதல், வண்டிக் குலுக்கத்தாலோ படியிறங்கியதாலோ சிறுநீரிற் குருதி கலத்தல், இரவிற் பன்முறை எழுதல். கல்லே உருண்டு வந்து வாயிலை மூடுவதால் நீர் நிற்கிறது. சாய்ந்ததும் அது விலகுகிறது. பேசத் தெரியாத ஆண்குழந்தையோ சிறுநீர் கழிக்கையில் அழுது உறுப்பைப் பிடித்து இழுக்கும். இக்குறிகளைப் பெற்றவர் சொல்லக் கூசுவதும், கேட்டவர் 'வயதானால் அப்படித்தான்' என்று தள்ளிவிடுவதும் நம்மிடையே வழக்கம். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் தமிழிற் பெயர் வகுத்து மாணவர்க்குச் சத்திரவைத்தியம் கற்பித்தார். சொல் இல்லாமையால் எழுந்த கூச்சமன்று இது.

நோயறிதல் இன்று எளிது. சிறுநீர்ப் பரிசோதனை குருதியையும் தொற்றையும் காட்டும். குருதியிலுள்ள கிரியற்றினின் அளவு சிறுநீரகம் பழுதுற்றதா என்பதை உணர்த்தும். நோவற்ற மீயொலி ஸ்கேன் கல்லையும், சுரப்பியின் பருமனையும், சிறுநீர் கழித்தபின் பையில் எஞ்சும் நீரின் அளவையும் ஒருங்கே காட்டிவிடும். எக்ஸ்-கதிர்ப் படத்திற் சுண்ணம் கலந்த கற்கள் வெண்மையாய்த் தெரியும். யூரிக் அமிலக் கல் தெரியாது. ஆகவே எக்ஸ்-கதிர்ப் படத்தில் ஒன்றுமில்லை என்பதனாற் கல்லில்லை என்று துணிதல் கூடாது. சிறுநீர் வழியே மெல்லிய நோக்குக் கருவியைச் செலுத்திப் பையைக் கண்ணாற் காண்பதே முடிந்த முடிபு. குருதி போனவர்க்கு இது இன்னொரு வகையிலும் தேவை. அக்குருதி புற்றுநோயிலிருந்து வந்ததன்று என்பதை உறுதிப்படுத்தவேண்டும்.

சிகிச்சையின் பழங்கதை அச்சந்தருவது. சுசுருதர் மலவாயிலுக்கு முன்னுள்ள இடத்தைக் கீறிக் கல்லெடுக்கும் முறையை விரிவாக எழுதினார். செய்யாவிடின் மரணம் உறுதி, செய்தாலோ பிழைப்பது ஐயம் என்பதனால், அரசனுக்கு அறிவித்த பின்னரே தொடங்குமாறு வைத்தியனுக்குக் கூறினார். கிரேக்க வைத்தியர் இப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் உறுதிமொழியோ கல்லறுக்கும் வேலையை அதற்கென உள்ளவரிடமே விட்டுவிடச் செய்தது. பின்னாளில் இலண்டனிற் கடற்படை அலுவலரான சாமுவேல் பீப்சு என்பார் 1658ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள், மயக்கமருந்து ஏதுமின்றிக் கட்டிக் கிடத்தப்பட்டு அறுக்கப்பட்டார். பிழைத்தெழுந்த அவர் அக்கல்லைப் பேழையில் வைத்துப் போற்றி, ஆண்டுதோறும் அந்நாளை விருந்திட்டுக் கொண்டாட விழைந்தார். 1824இற் பாரிசு நகரில் சிவியால் என்ற வைத்தியர், கத்தியின்றிச் சிறுநீர் வழியாகவே கருவியைச் செலுத்திக் கல்லை உள்ளேயே நொறுக்கிக் காட்டினார். இன்றைய சிகிச்சை அவர் காட்டிய வழியில் வளர்ந்ததே.

இப்போது முதுகில் ஊசியேற்றி இடுப்புக்குக் கீழ் உணர்விழக்கச் செய்தோ, முழுமயக்கம் கொடுத்தோ, நோக்குக் கருவியுடன் லேசர் ஒளியையோ அழுத்தக் காற்றால் இயங்கும் உளியையோ செலுத்திக் கல்லைத் துகளாக்கிக் கழுவி எடுத்துவிடுகின்றனர். மிகப் பெரிய கல்லாயின் அடிவயிற்றிற் சிறு கீறலிட்டு எடுப்பர். பிள்ளைகளுக்கும் சிலவேளை இவ்வழியே ஏற்றது. ஆனால் கல்லை எடுத்தல் வேலையிற் பாதியே. நெருக்கும் சுரப்பியைக் கவனியாது கல்லை மட்டும் எடுத்தால் மீண்டும் கல் வளரும். மருந்தால் வழி திறக்குமா, அடைக்கும் பகுதியைச் சுரண்டி எடுக்கவேண்டுமா என்பதை வைத்தியர் அந்நோயாளியைப் பார்த்துத் தீர்மானிப்பார். இரண்டும் ஒரே முறையிற் செய்யப்படுவதும் உண்டு. எடுத்த கல்லை ஆய்வுகூடத்திற் பரிசோதித்து அதன் வகையை அறிதல் நன்று.

கண்டிப் பகுதியிற் சிங்கள மக்கள் 'பொல்பலா' என்றும் தமிழ் மக்கள் 'சிறுபீளை' என்றும் வழங்கும் செடியை அவித்துக் குடிப்பது பழைய வழக்கம். நெருஞ்சிலையும் அவ்வாறே பயன்படுத்துவர். அவற்றோடு அருந்தும் நீர் மிகுந்த சிறுநீரைத் தருவதாற் சிறுமணல் கழிய உதவலாம். வாயில் அடைபட்ட பையினுள் எலுமிச்சை அளவு வளர்ந்த கல்லை எந்தக் கசாயமும் வெளியேற்றாது. காமரங்காய்ச் சாற்றையும் பிலிம்பிச் சாற்றையும் மருந்தென்று கருதி வெறும் வயிற்றில் நிறையக் குடித்தல் இன்னும் கொடியது. அவற்றிலுள்ள ஒட்சலேற்று சிறுநீரகத்தையே திடீரெனச் செயலிழக்கச் செய்த நிகழ்ச்சிகள் இலங்கை வைத்தியர்களாற் பதிவு செய்யப்பட்டுள்ளன.

வன்னீரானாலும் மென்னீரானாலும் போதிய நீரை அருந்துவதே முக்கியம். இதய நோயோ சிறுநீரகச் செயலிழப்போ இல்லாதவர், நாளொன்றுக்கு இரண்டு முதல் இரண்டரை லீற்றர் சிறுநீர் கழியுமளவு நீர் பருகவேண்டும். தேயிலை மலையிற் கொழுந்து பறிக்கும் பெண்கள், ஒதுங்க இடமில்லாமையால் விடியல் தொடங்கி மாலை வரை நீரைத் தவிர்ப்பது பெருங்குறை. அதனாற் சிறுநீரகக் கல்லுக்கும் தொற்றுக்கும் இடமுண்டாகிறது. மலையிற் கழிப்பிடம் அமைத்துக் கொடுப்பதே இதற்குச் சிகிச்சை. அவர்களுக்குப் புத்தி கூறுவதன்று.

சிறுநீரகக் கல்லுக்குச் சிகிச்சை பெற்றபோது உள்ளே 'ஸ்டென்ட்' என்னும் மெல்லிய குழாய் இடப்பட்டவர்கள், நோவு தீர்ந்ததும் கிளினிக்குக்குச் செல்ல மறந்துவிடுவதுண்டு. குறித்த காலத்தில் அது எடுக்கப்படாவிடின், பைக்குள் இருக்கும் அதன் வளைந்த நுனியைச் சுற்றிக் கல் வளர்ந்துவிடும். பின்னர் ஒரு சிறு வேலை பெரிய சத்திரசிகிச்சையாகும். ஆகவே எடுக்கவேண்டிய நாளை வீட்டு நாட்காட்டியிற் குறித்து வைத்தல் தகும்.

சிறுநீர் முற்றாக நின்று அடிவயிறு உப்பினாலோ, தடையோடு குளிர்காய்ச்சல் சேர்ந்தாலோ, அன்றே வைத்தியசாலையை அடையவேண்டும். சிறுநீரிற் கட்டியாகக் குருதி போனாலும் அவ்வாறே. அம்பிட்டியவிலிருந்து கண்டி தேசிய வைத்தியசாலைக்கு ஒருசில கிலோமீற்றர் தூரமே. அரசாங்க வைத்தியசாலையாதலாற் கட்டணம் இல்லை. பழைய ஸ்கேன் அறிக்கைகளும், உட்கொள்ளும் மருந்துகளும், குறிப்பாகக் குருதி உறையாமலிருக்கத் தரப்பட்ட மாத்திரைகளின் பெயரும் நோயாளியுடன் செல்லவேண்டும்.